புலிக் கணக்கும் மரக் கணக்கும்

தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வடநாட்டுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களின் முதியோரைக் கேட்டால், வந்த புதிதில் தாம் பட்ட இடர்களுள் அளவைக் குழப்பமும் ஒன்று என்பர். ஊரிலே படியும் மரக்காலும் வழங்கின. இங்கே சேரும் மணங்கும் வழங்கின. ஊர்ப் படியேனும் எங்கும் ஒன்றாக இருந்ததோ எனில் அதுவும் இல்லை. ஒரு சீமையின் படி அடுத்த சீமையின் படியோடு ஒத்து வராது. "மாதத்துக்குப் பன்னிரண்டு படி அரிசி போதும்" என்று மாமியார் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு, எந்தப் படி என்று தெரியாமல் மருமகள் திகைத்த வீடுகள் பல. 1956ஆம் ஆண்டில் நிறைவேறிய அளவைச் சட்டம் நாடெங்கும் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்த பின்னரே இத்தொல்லை படிப்படியாக ஒழிந்தது.

அரிசிக்கு ஒழிந்த தொல்லை காட்டுக்கு ஒழிய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் நாட்டுக் காடுகளில் எத்தனை புலிகள் உள்ளன, மானும் காட்டெருமையும் பெருகுகின்றனவா அருகுகின்றனவா, மரங்கள் தழைக்கின்றனவா தேய்கின்றனவா என்னும் கேள்விகளுக்கு விடை கூற வேண்டுமாயின், ஆண்டு பல கடந்தும் ஒரே படியால் அளந்த கணக்கு வேண்டும். அக்கணக்கை எவ்வாறு எடுக்கிறார்கள் என்பதனை நம் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடுமுறை நாட்களில் குழந்தைகளுடன் இரணதம்போருக்கும் கான்ஹாவுக்கும் ஜீப்பேறிச் சென்று புலி கண்டு வரும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டாகையால், இதில் அவர்களுக்கும் ஆர்வம் இருக்கும் என்று நம்புகிறோம்.

தில்லியிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், இராஜஸ்தானத்தின் ஆல்வார் மாவட்டத்தில், சரிஸ்கா என்னும் புலிகள் காப்பகம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 16 முதல் 18 வரை புலிகள் இருந்தன. மறு ஆண்டின் தொடக்கத்தில் தேராதூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தார் சென்று தேடினர். ஒரு புலியும் இல்லை! கள்ள வேட்டைக்காரர் அனைத்தையும் கொன்று தீர்த்திருந்தனர். பிரதமர் ஒரு பணிக்குழுவை அமைத்தார். அதற்குத் தலைமை வகித்தவர் சுனிதா நாராயண் அம்மையார். 2005ஆம் ஆண்டிலேயே அக்குழு தந்த அறிக்கை ஓர் உண்மையை எடுத்துக் காட்டிற்று. ஏட்டிலே ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட புலிகள் எழுதப்பட்டு வந்த காலத்திலேயே, களப் பணியாளர் கண்ணிற்பட்ட புலிகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. ஏடு ஒன்று சொல்லிற்று. கண் மற்றொன்று சொல்லிற்று. நம்பப்பட்டது ஏடே.

இதற்குக் காரணம் யாதெனில், அந்நாளைய கணக்கெடுப்பு முறையே ஆகும். ஒரிஸ்ஸாவின் வனத்துறை அதிகாரியாக விளங்கிய சரோஜ் ராஜ் சௌத்ரி என்பார் 1960களில் வகுத்த பாதச்சுவடு முறை நாடெங்கும் கையாளப்பட்டு வந்தது. (கைரி என்னும் பெண் புலிக்குட்டியைத் தம் இல்லத்தில் குழந்தைபோல் வளர்த்தவரும் இவரே.) புலி நடந்து சென்ற புழுதியிலே பதிந்த அடியின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் வடிவை வரைந்துகொள்வர், சில இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுப்பர். பின்னங்காலின் அடியைக் கொண்டு இது ஆண், இது பெண், இது இன்ன புலி என்று பிரித்தறிந்து, மொத்தத்தை எண்ணிவிடுவர். 1972ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் 1,827 புலிகள் என்று கூறியதும், 2001-02ஆம் ஆண்டுகளில் 3,642 என்று கூறியதும் இம்முறையே.

இம்முறையை இகழ்ந்து பேசுவது இன்று எளிது. ஆயினும், காட்டுப் பாதையைக் கால்நடையாகவே அளந்து, மையும் கண்ணாடியும் மட்டும் கொண்டு ஒரு பெருங்கணக்கைத் தொடங்கிவைத்தவர்களின் உழைப்பு போற்றத் தக்கது என்றே நாம் கருதுகிறோம். குறை உழைப்பில் இல்லை. ஒரே புலியின் அடி ஈர மண்ணில் ஒருவிதமாகவும், உலர்ந்த புழுதியில் வேறுவிதமாகவும் பதியும். மெல்ல நடக்கும்போதும் பாய்ந்தோடும்போதும் மாறும். மேட்டில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. வரைபவர் கையும் ஒரு காரணம். கர்நாடகத்தைச் சேர்ந்த புலியியல் அறிஞர் உல்லாஸ் காரந்த், கூண்டுப் புலிகளின் சுவடுகளை வரைந்து, எத்தனை புலிகள் என்பதை மறைத்து, அனுபவம் வாய்ந்த வன அதிகாரிகளிடம் காட்டி 1980களில் சோதித்தார். எவராலும் சரியான விடை கூற இயலவில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதச்சுவடு முறையும் ஒரே சீரான முறைதான்! அசாம் முதல் கேரளம் வரை அதே கண்ணாடி, அதே வரைபடம், அதே படிவம். எங்கும் ஒன்றுபோல் செய்தால் போதும் என்று எண்ணுவோருக்கு இது தக்க விடையாகும். அடியில் ஓட்டை விழுந்த படியைக் கொண்டு நாடு முழுவதும் அளந்தால் அளவு ஒன்றாகுமே தவிர உண்மையாகாது. அன்றியும், காட்டைக் காப்பவரே கணக்கையும் எடுக்கிறார். தொகை குறைந்தால் அவரே பதில் சொல்ல வேண்டும். பிழையை வெளியிலிருந்து சோதிக்க வழியில்லாத முறையில், சென்ற ஆண்டுத் தொகையை ஒட்டியே இவ்வாண்டுத் தொகையும் அமைவதில் வியப்பில்லை. ஐயத்தின் அளவும் அதில் சொல்லப்படவில்லை. 3,642 என்றால் 3,642தான். காட்டிலே திரியும் புலியை வங்கிக் கணக்குப்போல் கடைசி எண் வரை எழுதிவிட்டார்கள்.

புதிய முறைக்கு அடிப்படை புலியின் மேனியிலுள்ள வரிகள். மனிதனுக்குக் கைரேகை எவ்வாறோ அவ்வாறே புலிக்கு வரி. ஒன்றன் வரி மற்றொன்றுக்கு இராது. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் காரந்த் அவர்கள் தானியங்கிக் காமிராக்களைப் பாதையோரம் நிறுவி, கடந்து செல்லும் புலிகளைப் படம் பிடித்து, வரிகளைக் கொண்டு இனம் பிரித்தார். பாதையின் இரு மருங்கிலும் காமிரா வேண்டும். ஏனெனில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. ஒருபக்கப் படம் மட்டும் இருப்பின் ஒரு புலியை இரண்டாக எண்ணிவிட நேரும்.

எல்லாப் புலிகளும் காமிராவுக்கு முன் வந்து நிற்குமா என்று இல்லத்தரசியர் கேட்கலாம். வாராதவற்றையும் கணக்கிட ஒரு வழி உண்டு. அடுக்களையிலேயே செய்து பார்க்கத் தக்கது அது. ஒரு பானையில் எண்ணாத மொச்சை இருப்பதாகக் கொள்வோம். 40 மொச்சையை எடுத்து மையால் புள்ளியிட்டு மீண்டும் பானையிற் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுமுறை பாராமல் 40 எடுங்கள். அவற்றுள் புள்ளியிட்டவை 4 என்றால், பானையிலுள்ளதில் பத்தில் ஒரு பங்கு புள்ளியுடையது என்பது பெறப்படும். புள்ளியிட்டவை மொத்தம் 40 ஆகையால், பானையில் ஏறத்தாழ 400 மொச்சை உண்டு. முதன்முறை படத்தில் விழுந்த புலியே புள்ளியிட்ட மொச்சை. அது மறுமுறையும் விழுகிறதா, புதியது விழுகிறதா என்பதிலிருந்து விழாதவற்றின் தொகை கிட்டும். காட்டைப் பானைபோல் குலுக்க முடியாதாகையால், எந்தக் காமிராவுக்கு அருகே எந்தப் புலியின் நடமாட்டம் என்பதையும் சேர்த்துக் கணிக்கும் நுட்பமான முறைகள் பின்னர் எழுந்தன. சோதித்துப் பார்க்கும் சிறுவர்கள் ஒருமுறையோடு நிறுத்தாமல் பத்து முறை செய்து பார்ப்பது நலம். விடை ஒவ்வொரு முறையும் சற்று மாறும். அந்த மாற்றத்தின் அளவே கணக்கின் ஐயத்தின் அளவாகும்.

சரிஸ்காவின் பேரிழப்புக்குப் பின் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் தோன்றியது. அவ்வாணையமும் வன உயிரின நிறுவனமும் மாநில வனத்துறைகளும் சேர்ந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு தழுவிய கணக்கெடுப்பை நடத்தலாயின. இதில் எண்ணப்படுவது புலி மட்டுமன்று. பீட் என்று வனத்துறையார் வழங்கும் சிறு காவற் பகுதி ஒவ்வொன்றிலும் வனக் காப்பாளரும் வேட்டைத்தடுப்புக் காவலரும் மூன்று நாள், நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்து, ஊன் உண்ணும் விலங்குகளின் சுவடு, எச்சம், மரத்தில் நகக்கீறல் ஆகியவற்றைக் குறிப்பர். அடுத்த மூன்று நாள் காலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் மெல்ல நடந்து, கண்ணிற்படும் மான், காட்டெருமை, பன்றி ஆகியவற்றின் எண்ணிக்கையையும், அவை எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் நின்றன என்பதையும் எழுதுவர். அதே பாதையில் 400 மீட்டருக்கு ஓரிடமாக நின்று, 15 மீட்டர் ஆர வட்டத்துக்குள் உள்ள மரங்களையும், 5 மீட்டருக்குள் உள்ள புதர்களையும், 1 மீட்டருக்குள் உள்ள தரையின் புல் பூண்டுகளையும் பதிவர். விறகு வெட்டிய தடம், ஆடுமாடு மேய்ந்த தடம் ஆகியவற்றுக்கும் படிவத்தில் இடம் உண்டு.

வட்டத்தின் ஆரம் ஏன் 15 மீட்டர், 14 ஆனால் என்ன குறை எனச் சிலர் நகைக்கலாம். 14 ஆனாலும் குறையில்லை. ஆனால் எல்லோரும், எல்லா ஆண்டும், 14 என்றே கொள்ள வேண்டும். ஒருவர் 14, மற்றொருவர் 16 எனக் கொண்டால் மரம் கூடியதா, வட்டம் கூடியதா என்று பின்னாளில் எவரும் சொல்ல முடியாது. முன்பு காகிதப் படிவங்களில் எழுதியவற்றை இப்பொழுது காவலர்கள் கைபேசியில் பதிகிறார்கள். எங்கே, எந்நேரத்தில் நடந்தனர் என்பது தானே பதிவாகிவிடுகிறது. மரநிழலில் அமர்ந்தபடியே படிவத்தை நிரப்புவது அரிதாயிற்று.

இவ்வாறு தொடங்கிய வரிசையில் முதற் கணக்கு 2006ஆம் ஆண்டைச் சார்ந்தது, 2008இல் வெளியாயிற்று. தொகை 1,411. குறைந்தது 1,165, மிகுந்தது 1,657 என்று ஐயத்தின் எல்லைகளையும் சேர்த்தே சொன்னார்கள். நாடு திடுக்கிட்டது. நான்கே ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட புலிகள் மடிந்தன என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வாறு எழுதியது பொருந்தாது என்பது எமது கருத்து. 3,642 ஒரு படியால் அளந்தது. 1,411 மற்றொரு படியால் அளந்தது. புலிகள் குறைந்திருந்தன என்பதில் ஐயமில்லை. சரிஸ்காவே சான்று, 2009இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவும் புலியற்றுப் போயிற்று. ஆனால் எவ்வளவு குறைந்தன என்பதை இவ்விரு எண்களைக் கழித்துப் பெற முடியாது. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் அங்கே அறுந்து போயிற்று. முறையை மாற்றும்போது பழையதையும் புதியதையும் சில காலம் ஒரே காட்டில் ஒருங்கே நடத்தி ஒப்பிட்டால் இழை அறாது. வானிலை நிலையங்களில் புதுக் கருவி வைக்கும்போது பழைய கருவியையும் அருகிலேயே வைத்து இரண்டையும் குறித்து வருவது அதற்காகவே.

2010இல் தொகை 1,706 ஆயிற்று. 1,411 எங்கே, 1,706 எங்கே என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கழிக்க வேண்டும். 2006இல் வங்கத்தின் சுந்தரவனம் எண்ணப்படவில்லை, 2010இல் எண்ணப்பட்டது, அங்கே 70 புலிகள். ஆகவே ஒப்பிடத் தக்க எண் 1,636 ஆகும். ஏற்றம் உண்மைதான், செய்தித்தாள் சொன்ன அளவு அன்று. மேலும், அதே நான்காண்டில் புலிகள் வாழும் காட்டின் பரப்பு 12.6 சதவீதம் சுருங்கிற்று என்பதும் அக்கணக்கிலேயே வெளிப்பட்டது. காப்பகங்களுக்கு உள்ளே புலி பெருகியது. காப்பகங்களை இணைக்கும் வெளிக் காடுகளில் அழிந்தது. புலியை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திராது. சுவடும் மரமும் மேய்ச்சலும் ஒருங்கே எழுதப்பட்டதனால் தெரிந்தது.

பின்னர் 2014இல் 2,226, 2018இல் 2,967, 2022இல் 3,682 எனத் தொகை உயர்ந்தது. 2018இல் மட்டும் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டு 3 கோடியே 48 இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அவற்றுள் புலிப் படங்கள் 76,651. வெவ்வேறு புலிகள் என்று வரியால் இனம் காணப்பட்டவை 2,461. அக்கணக்கெடுப்பு உலகிலேயே மிகப் பெரியது என்று கின்னஸ் ஏட்டிலும் இடம்பெற்றது. இத்தனை பெருமைக்குப் பின்னும் அறிஞர்கள் குறை கூறாமல் இல்லை. காமிரா இல்லாத காடுகளுக்குச் சுவடுகளைக் கொண்டு தொகையை ஊகிக்கும் கணிதம் உறுதியற்றது என்று 2015ஆம் ஆண்டில் காரந்த் உள்ளிட்ட ஆய்வாளர் சிலர் எழுதினர், கணக்கெடுத்தோர் மறுத்துரைத்தனர். ஒரு வயதுக்கு மேற்பட்ட புலிகளையே 2018ஆம் ஆண்டுக் கணக்கு சேர்த்துக்கொண்டது. அவ்வயது எல்லையை ஆறு திங்கள் முன்னோ பின்னோ தள்ளினால், காட்டில் ஒரு புலியும் பிறவாமலே, ஒரு புலியும் இறவாமலே தொகை மாறிவிடும். இத்தகைய வாதங்கள் நடப்பது நன்றே. பாதச்சுவட்டுக் காலத்தில் வாதிடவும் இடமில்லை. வாதிடுவதற்கு வேண்டிய விவரம் படிவத்தில் இருந்ததில்லை.

புலி ஓடும், மரம் நிற்கும். நிற்கும் மரத்தை அளப்பதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். நீலகிரியின் சாரலில் முதுமலைக் காட்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுகுமார் அவர்களும் துணைவரும் 1988ஆம் ஆண்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து எல்லையிட்டனர். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் ஹப்பெல், ஃபாஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1980இல் தொடங்கிய பணியை ஒட்டியது இது. ஒரு சென்டிமீட்டர் விட்டம் உள்ள கன்று முதல் பெருமரம் வரை அனைத்துக்கும் எண் கொடுத்து, இனத்தை எழுதி, அளந்து, நிலப்படத்தில் குறித்தார்கள். முதுமலையில் இவ்வாறு எண் பெற்றவை 25 ஆயிரத்துக்கும் மேல். ஆண்டுதோறும் சென்று எது பட்டது, எது புதிதாய் முளைத்தது, எதனை யானை முறித்தது, எது தீயில் கருகியது என்று பார்க்கிறார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை பருமனையும் அளக்கிறார்கள். உலகெங்கும் இத்தகைய எழுபதுக்கு மேற்பட்ட காட்டுத் துண்டுகளில் இதே முறையே பின்பற்றப்படுகிறது.

மரத்தின் பருமனை 'மார்பளவு' உயரத்தில் அளப்பது வனத்துறையின் பழைய மரபு. யாருடைய மார்பு? பஞ்சாபியின் மார்பும் நம்மவர் மார்பும் ஒரே உயரமா? ஆகையால் தரையிலிருந்து 1.3 மீட்டர் என்று வரையறுத்து, அவ்வளவுக்கு ஒரு கோலையே கையோடு கொண்டு செல்கிறார்கள். சரிவில் நிற்கும் மரமாயின் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அளந்த இடத்தில் சாயத்தால் ஒரு கோடு இடுவது வழக்கம். அடுத்தமுறை வருபவர் நான்கு விரற்கடை மேலே அளந்துவிட்டால் வளர்ந்த மரம் மெலிந்ததுபோல் காணும். ஓராண்டில் ஒரு மரம் பருப்பது சில மில்லிமீட்டரே ஆகையால், சிறு தவறும் பத்தாண்டு வளர்ச்சியை விழுங்கிவிடும். கோடையில் நீர் வற்றி அடிமரமே சற்றுச் சுருங்குவதும் உண்டு. எனவே அளக்கும் பருவமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். காடு காற்றிலுள்ள கரியை உண்டு சேர்க்கிறதா, அல்லது சேர்த்ததை வறட்சியிலும் தீயிலும் உமிழ்கிறதா என்று இன்று உலகம் கேட்கும் கேள்விக்கு விடை, இந்தக் கோலிலும் சாயக் கோட்டிலும் அடங்கிக் கிடக்கிறது.

இவையெல்லாம் நிபுணர் வேலை என்று நம் வாசகர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. கேரளத்தில் வேரூன்றி நாடெங்கும் பரவிய சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் பள்ளிச் சிறுவரும் குடும்பத்தாரும் சேரலாம். நாம் குடியிருக்கும் காலனியிலோ பள்ளி வாசலிலோ உள்ள வேம்பு, மா, புளி, சரக்கொன்றை ஆகியவற்றுள் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், முற்றிய இலை, மொட்டு, மலர்ந்த பூ, காய், கனி ஆகிய ஒவ்வொன்றும் இல்லையா, சிலவா, பலவா என்று குறித்தனுப்ப வேண்டும். சித்திரையில் பூக்க வேண்டிய கொன்றை மாசியிலேயே பூக்கிறதா என்பது போன்ற ஐயங்களுக்கு இக்குறிப்புகளே சான்று. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடைபெறும் பறவைக் கணக்கிலும், பிப்ரவரித் திங்களில் நாடு முழுவதும் நடைபெறும் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கிலும் இவ்வாறே பங்கு கொள்ளலாம். அதற்குக் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவை அனைத்தையும், காகத்தையும் மைனாவையும் விடாமல், எழுதவேண்டும்.

மரத்தைக் குறிக்கத் தொடங்குவோர்க்கு ஒரு சொல். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அண்டை வீட்டாரிடம் குறிப்பேட்டை ஒப்படைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு மொட்டு எது, பூ எது என்பதை ஒருமுறை மரத்தடியிலேயே காட்டிவிடுங்கள். வேறொரு மரம் அழகாகப் பூத்திருக்கிறது என்று அதற்கு மாறிவிடாதீர்கள். பூவே இல்லாத வாரங்களில் 'இல்லை' என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், பூ இல்லையா அல்லது நீங்கள் பார்க்கவில்லையா என்பது குறிப்பேட்டைப் பெறுபவருக்கு விளங்காது.